எட்டரை மணி பஸ்ஸில் பத்து மூச்சு

மலைக்குகையில் உட்கார்ந்து தியானம் பண்ணுவது ஒரு பெரிய காரியமா? வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்குப் போகும் எட்டரை மணி பஸ்ஸில், கோழிக்கூடைக்கும் காலேஜ் பையன்களுக்கும் நடுவே நின்றுகொண்டு பண்ணச் சொல்லுங்கள் பார்ப்போம். அதைச் செய்து காட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் தியானக் கண்டக்டர்.

எண்பதுகளின் தொடக்கம். நான் மதுரையில் குமாஸ்தா. தியானம் பழகுவதற்கு முன்னால் கண்டக்டருக்கு 'வெடி' என்று பெயர். யாராவது சில்லறை இல்லை என்றால், டிரைவர் முன்னெச்சரிக்கையாகக் காதைப் பொத்திக்கொள்வார். குழம்பில் உப்பு இல்லை என்று ஒருநாள் சட்டியோடு தெருவில் வீசியிருக்கிறார். அன்றைக்கே மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டார். "இந்தக் கோவம் போகட்டும், வாரேன்" என்று ஒரே பேச்சு.

அப்பா வீடு சமயநல்லூர் பக்கம். எங்கள் பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே. தினமும் நாலு தடவை அந்த மூடிய கதவைப் பார்த்துப் பார்த்து மனிதர் பாதியாக இளைத்துப்போனார்.

யாரோ அவரை ஞாயிற்றுக்கிழமை தியான வகுப்புக்கு இழுத்துப்போனார்கள். கோபம் வந்தால் கண்ணை மூடிப் பத்து மூச்சு எண்ண வேண்டும் என்று பாடம். மறுநாளே பஸ்ஸில் ஆரம்பித்துவிட்டார். ஆட்டுக்குட்டியோடு ஏறிய பெரியவர், "இது பச்சப்புள்ள, இதுக்கு எதுக்குய்யா டிக்கெட்டு?" என்றார். கண்டக்டர் கண்ணை மூடினார். விசில் இல்லாமல் பஸ் அப்படியே நின்றது.

"அண்ணே, எம்புட்டு ஆச்சு?" என்றார் டிரைவர்.

"ஏழு. குறுக்க பேசிட்டேல்ல? இனி மொதல்லருந்து எண்ணணும்."

ஆபீசுக்கு நான் தினமும் லேட். காரணம் கேட்ட மேனேஜரிடம், "கண்டக்டர் தியானத்தில் இருந்தார் சார்" என்றேன். அவரும் கண்ணை மூடிக்கொண்டார். எண்ணினாரா என்று தெரியாது.

மாமனார் வீட்டு நிறுத்தத்தில் மட்டும், யாரும் வம்பு பண்ணாமலே, படியில் நின்று கண்ணை மூடுவார்.

"இங்க யாரு மேலண்ணே கோவம்?" என்றார் டிரைவர்.

"எம்மேலதான்டா."

அவர் கண்ணை மூடியதும் கதவு திறக்கும். மனைவி வாசலுக்கு வந்து அவரையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒன்பதாவது மூச்சுக்கு உள்ளே போய்விடுவார். இவர் கண்ணைத் திறந்தால் மூடிய கதவுதான். எனக்குத் தாங்கவில்லை, சொல்ல வாயெடுத்தேன். பக்கத்திலிருந்த பூக்கார அக்கா என் கையைக் கிள்ளினார்.

"சும்மா இருங்க தம்பி. சொன்னா கண்ணைத் தொறந்துருவாரு. அப்புறம் அந்தப் புள்ள வெக்கப்பட்டு வெளியவே வராது."

ஆறு மாதம் அந்த பஸ்ஸே ரகசியம் காத்தது. மதுரைக்காரர்கள் வாயில் இம்புட்டு நாள் ஒரு விஷயம் தங்கியது அதிசயம்தான்.

ஒரு மழைநாளில், அதே இடத்தில், அவசரக்காரன் ஒருவன், "என்னய்யா இது, பஸ்ஸா மடமா?" என்று அவர் கையைத் தட்டிவிட்டான். டிக்கெட் கட்டுகள் சேற்றில் விழுந்தன. 'செத்தான்டா' என்று நினைத்தேன். அவர் பத்து எண்ணி முடித்தார். வாசலைக்கூடப் பார்க்காமல் இறங்கி, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்தார். "உள்ள போங்க தம்பி, நனையாதீக" என்றார். மனைவி அன்றைக்கு உள்ளே போகவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

மறுநாள், இவர் கண்ணை மூடியிருக்கும்போதே அந்தப் பெண் பெட்டியோடு பஸ்ஸின் முன்வாசலில் ஏறி உட்கார்ந்துவிட்டார். இவர் கண்ணைத் திறந்தார். எதிரே கதவில் பூட்டு. முகம் செத்துப்போனது.

"பத்து முடிஞ்சிருச்சுல்ல? விசில ஊதுங்க" என்று முன் சீட்டிலிருந்து ஒரு குரல்.

அவர் திரும்பிப் பார்த்தார். "தெனமும் பாத்தியா?" என்றார். அந்தப் பெண் தலையை ஆட்டினார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார், காற்றுதான் வந்தது. பூக்கார அக்கா ஓவென்று அழ, டிரைவர் தானாகவே வண்டியை எடுத்தார்.

அடுத்த மாதமே அவரை வேறு வழித்தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அப்புறம் நான் அவரைப் பார்க்கவே இல்லை. புதிதாக வந்தவர் தங்கமான மனிதர். ஒரு சத்தம் கிடையாது, பஸ் நிமிஷம் தவறாமல் மதுரை போய்ச் சேர்ந்தது. எனக்கு மட்டும் அவரைக் கடைசி வரை பிடிக்கவே இல்லை.