நின்றபடியே புதைந்தவன்

லண்டனில் காரின் கண்ணாடியிலிருந்து பனியைச் சுரண்டிய எவனும் தன்னைத் துருவப் பயணி என்றே நினைத்துக்கொள்வான். மோர்டனில் இருபது குளிர்காலம் சுரண்டிய எனக்கு எவ்வளவு மிதப்பு இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த மிதப்போடுதான் போன மாசியில் மனைவி சுமதி, அவளுடைய அண்ணன் குகன், அவருடைய நண்பர்கள் நாலு பேரோடு ஸ்கொட்லாந்து மலைக்குப் போனேன். குகன் பல் வைத்தியர். பனிமலைப் பயிற்சியெல்லாம் முடித்தவர். (வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியதால் எதிராளி பேசுவது அவருக்குப் பிடிக்காது.)

காலையில் பனிச்சரிவு எச்சரிக்கையை வாசித்தார். "ஆபத்து அளவு ஐஞ்சிலை மூண்டு, மச்சான். காத்து அள்ளிக்கொண்டுவந்து கொட்டின பனி, கீழை ஒட்டாமல் நிக்குது. கிழக்குப் பக்கச் சாய்விலை ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது."

"மூண்டெண்டால் பாஸ்தானே?"

"இது சோதினை இல்லை. மூண்டிலைதான் கனபேர் சாகிறவை."

பிறகு ஆளுக்கொரு சின்னப் பெட்டியை நெஞ்சில் கட்டிவிட்டார். நடக்கும்போது அது 'டிரான்ஸ்மிட்' நிலையில் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்தால் மற்றவர்கள் அதைத் தேடும் நிலைக்குத் திருப்ப வேண்டும்; புதைந்தவரின் பெட்டி இருக்கும் இடத்தை அம்புக்குறி காட்டும். "எல்லாரும் திருப்ப வேணும். விளங்கிச்சோ?"

"ஓம், ஓம்" என்றேன், கையுறையைத் தேடியபடி.

மேலே ஏறியதும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. நீல வானம், கண் கூசும் வெளிச்சம், பக்கத்திலேயே ஐசிங் பூசிய கேக் மாதிரி ஒரு சாய்வு. கிழக்குப் பக்கம்தான். ஆனால் ஓரத்தில் நின்று ஒரு படம் எடுத்தால் என்ன? சுமதி கழிவறைத் தேவைக்காகப் பாறைகள் பக்கம் போயிருந்தாள். தடுக்க ஆளில்லை.

கால் வைத்தேன். "வூம்ம்" என்று மலையின் வயிறு உறுமியது. என் சப்பாத்து நுனியிலிருந்து ஒரு வெடிப்பு சர்ரென்று ஓடியது. சாய்வு முழுவதும் பலகை பலகையாக உடைந்து கீழே பாய்ந்தது! விளிம்பில் பின்புறம் அடிபட விழுந்த எனக்கு முதலில் வந்த எண்ணம், 'ஐயோ, வீடியோ போடாமல் விட்டேனே!'

"சுமதி எங்கை?" என்று குகன் கத்தினார்.

பாறைகளுக்குப் போகும் வழி அந்தச் சாய்வுக்குக் கீழேதான்.

இனிப் பனி வராது என்று பார்த்ததும் குகன், "தேடுங்கோ! பெட்டியைத் திருப்புங்கோ!" என்றார். நான் எதையும் திருப்பவில்லை. உருண்டு புரண்டு இறங்கி, "சுமதி! சுமதி!" என்று வெறுங்கையால் தோண்டினேன். நகம் கிழிந்தது.

"சிக்னல் வருது! பத்து மீற்றர்... ஐஞ்சு... இஞ்சைதான்!"

அழுகையும் சந்தோசமுமாக நிமிர்ந்தேன். ஐந்து பேரும் என்னைச் சூழ்ந்து நின்று, புதைந்தவரைத் தேடும் நீளக் கம்பிகளால் என் காலடியைக் குத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கம்பி என் சப்பாத்திலேயே இறங்கியது.

குகன் தன் பெட்டியைப் பார்த்தார். பிறகு என் நெஞ்சைப் பார்த்தார். அங்கே, சமிக்ஞை இன்னும் போவதைக் காட்டும் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

"மச்சான், நாங்கள் உங்களைத்தான் கண்டுபிடிச்சிருக்கிறம்."

"என்னப்பா, எதைத் தொலைச்சனீங்கள்?" மேட்டுக்கு மேலிருந்து குரல் கேட்டது. சுமதி! மறுபக்கத்தால் சுற்றி வந்தவள், பிளாஸ்கும் கையுமாக நின்றாள்.

ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து அழுதேன். "விடுங்கோ, தேத்தண்ணி ஊத்துது" என்றாள். விஷயம் தெரிந்ததும் தேத்தண்ணியைத் தானே கீழே ஊற்றிவிட்டு, என்னை விடாமல் பிடித்துக்கொண்டாள். பிறகு கிடைத்த ஏச்சை அச்சில் போட முடியாது.

இப்போது வீட்டில் ரிமோட் காணாமல் போனால்கூட மகள் முதலில் என்னிடம்தான் வருவாள்: "அப்பா, ஆர் யூ டிரான்ஸ்மிட்டிங்?" போன மாதம் வெம்பிளிக் கலியாண வீட்டில், முன்பின் தெரியாத ஒரு பெரியவர் சாப்பாட்டு வரிசையில் என் தொப்பையை விரலால் குத்திப் பார்த்துவிட்டு, பின்னால் திரும்பி உரக்கச் சொன்னார்:

"இஞ்சை இருக்கிறார், உயிரோடைதான்!"