ஒரு புள்ளி மாறாத லிஸ்ட்

"இங்க வேண்டாண்டி. நம்ம மூஞ்சி எப்படி இருக்கோ அப்படியே எடுத்துடுவார்."

டார்க் ரூமில் நெகடிவ் கழுவிக்கொண்டிருந்த கஸ்தூரிரங்கனின் காதில் இது விழுந்தது. கையைத் துடைத்துக்கொண்டு அவர் வெளியே வருவதற்குள், கல்யாணத்துக்காகப் போட்டோ எடுக்க வந்த பெண்ணும் அவள் அம்மாவும் ஒரே குடைக்குள் மந்தைவெளி மழையில் போய்க்கொண்டிருந்தார்கள்.

இருபத்திரண்டு வருஷமாக ஸ்டூடியோ நடத்துகிறவர். முகத்தை உள்ளபடி எடுப்பதுதான் தன் தொழிலுக்குப் பெருமை என்று நினைத்திருந்தார். அந்தப் பெருமை எந்த வருஷம் புகாராக மாறியது என்று அவருக்குத் தெரியவில்லை. தெற்கு மாட வீதிப் பக்கம் ஒருவன் கம்ப்யூட்டர் வைத்திருந்தான். பருவை எடுத்தான். பல்லை வரிசைப்படுத்தினான். அவன் கடைக்குள் கறுப்பாகப் போன பெண் சிவப்பாக வெளியே வந்தாள். கஸ்தூரிரங்கன் அந்த வாரம் எடுத்தது மூன்று பாஸ்போர்ட் போட்டோ. அதில் ஒன்று, பஸ் பாஸுக்காகத் தன்னைத்தானே எடுத்துக்கொண்டது.

அன்றைக்கே தீர்மானம் செய்தார். கம்ப்யூட்டர் வாங்கிவிடுவது. அதுவும் ரெடிமேட் அல்ல. சட்டைக்கு அளவு கொடுப்பது மாதிரி ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுத்து, எலெக்ட்ரானிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கொடுத்துப் பொருத்தி வாங்குவது. பிறகு அதன் முன்னால் தானே உட்கார்ந்து, மயிலாப்பூர்ப் பெண்களின் பருக்களை ஒழித்துக்கட்டுவது. இரண்டாவது காமிராவை விற்றாயிற்று. இது சரியாக அமையாவிட்டால் ஷட்டரை இறக்கிப் பூட்ட வேண்டியதுதான்.

அவர் மனைவி ஹம்சா ஒன்பது வருஷமாக கோபாலபுரத்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்தாள். காலை ஒன்பதரையிலிருந்து சாயங்காலம் வரை கம்ப்யூட்டர்தான். அவளைக் கேட்கலாமே என்று யாருக்கும் தோன்றும். கஸ்தூரிரங்கனுக்கும் தோன்றியது. அதனால்தான் கேட்கவில்லை.

பக்கத்து ஜாக்கெட் துணிக் கடை ஜவஹரைக் கேட்டார். ஜவஹருக்குத் திருநெல்வேலிப் பக்கம். கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. யோசனை சொல்ல அது தடையாக இல்லை.

"ராம்னு ஒண்ணு போடணுமாம், ஜவஹர். எட்டு, பதினாறு, முப்பத்திரண்டுன்னு இருக்காம்."

"ராமர் எத்தனை இருந்தாலும் நல்லதுதான சாமி?"

"பதினாறு போடறேன். மங்களமான நம்பர்."

"எங்க பக்கம் பதினாறுன்னா கருமாதில்லா."

கஸ்தூரிரங்கன் பேனாவை ஒரு நிமிஷம் தூக்கிப் பிடித்தார். பிறகு பதினாறே என்று எழுதினார். "எங்காத்துல காரியமெல்லாம் பதிமூணாம் நாள்தான். பயமில்லை. மானிட்டர் என்ன சைஸ்?"

"பெரிசா வாங்கிருங்க."

"பெரிசு எதுக்கய்யா? கல்யாணத்துக்கு அனுப்பற போட்டோவே ஆறுக்கு நாலு. பதினாலு இஞ்சுல எடுத்தாலே சுத்தி அத்தனை இடம் வீண்."

போட்டோக்காரர் கணக்கு. ஜவஹர் வியந்து தலையாட்டினார். கடைசியில் ஒரு ஜதை பெரிய ஸ்பீக்கரும் லிஸ்டில் ஏறியது. உள்ளே காலை வைக்கும்போதே கஸ்டமருக்கு நாதஸ்வரம் கேட்க வேண்டும் என்று ஜவஹர் அபிப்பிராயப்பட்டார்.

ராத்திரி சாப்பாட்டின்போது லிஸ்ட் ஹம்சாவின் கண்ணில் பட்டது. அன்றைக்கு அவள் வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினாள். மழையில் நனைந்து வந்த அலுப்பு என்று அவர் நினைத்தார்.

"ஏன்னா, பதினாறு ராம் போறுமா? போட்டோன்னா ரொம்பப் பெரிசா இருக்கும். பாதியில மூச்சு முட்டி நின்னுடும்."

"நீ கல்யாணப் பத்திரிகை தட்டறவ, ஹம்சா. இது போட்டோ. வேற ஜாதி."

"ஸ்பீக்கர் எதுக்கு? போட்டோ பேசப்போறதா?"

"பார்த்தியா? இதுக்குத்தான் உன்கிட்ட காட்டலை."

ஹம்சா வாக்குவாதம் பண்ணவில்லை. அவருக்கு மோர் விட்டாள். லிஸ்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

"உங்க எழுத்து எனக்கே புரியலை. கடைக்காரனுக்கு எப்படிப் புரியும்? நான் நன்னா எழுதித் தரட்டுமா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு சுருக்கமாகத் தோற்றதில்லை. கஸ்தூரிரங்கன் பெருந்தன்மையோடு, "எழுது. ஆனா ஒரு புள்ளி மாறப்படாது" என்றார்.

"புள்ளியெல்லாம் மாறாது."

மேலே 'ஸ்ரீ:' போட்டு நிதானமாக எழுதினாள். பார்த்து எழுதுகிறவளுக்கு ஆகிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஆயிற்று. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மடித்துப் பெருமாளுக்கு முன்னால் வைத்தாள்.

"கடைக்காரர் கையில குடுத்தப்பறம்தான் பிரிக்கணும். நடுவுல பிரிச்சா தரித்திரம்."

இந்தச் சாஸ்திரம் எந்தப் புஸ்தகத்தில் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. மூன்று பாஸ்போர்ட் போட்டோ எடுத்த வாரத்தில் தரித்திரம் என்ற வார்த்தையே போதுமானதாக இருந்தது.

மறுநாள் ஜவஹரையும் கூட்டிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனார். முழங்கால் அளவு தண்ணீர். மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்த குல்ஷன் லிஸ்டைப் பிரித்தார். படித்தார். நிமிர்ந்து கஸ்தூரிரங்கனைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"யார் சார் இத எழுதனது?"

"நான்தான்" என்றார் கஸ்தூரிரங்கன். எழுதியது வேறு கையாக இருந்தாலும் மூளை தன்னுடையதுதானே?

"பேஜாரே இல்ல சார். அவன் அவன் பதினாறு ராம் போட்டுகினு ரெண்டாம் நாளு வந்து அழுவறான். நீங்க அறுபத்து நாலு போட்டுகீறீங்க. வெவரம் தெரிஞ்ச ஆளு."

ஜவஹர் வாயைத் திறந்தார். கஸ்தூரிரங்கன் அவர் காலை மிதித்தார்.

"அறுபத்து நாலு," என்றார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "அதுக்குக் கம்மியா போட்டா மூச்சு முட்டும்."

"மானிட்டர் பதினேழு."

"பதினேழேதான்."

"ஸ்கேனர் கீது. சூப்பர். முக்காவாசி போட்டோகிராபருங்க இத மறந்துடுவாங்க சார். அல்லாத்தையும் வாங்கிகினு போய்ட்டு, போட்டோ எப்டி உள்ள போவும்னு கேட்டுகினு வருவாங்க."

போட்டோ உள்ளே போக வேண்டும் என்பதே அவர் லிஸ்டில் இல்லை. "அசடுகள்" என்றார்.

"ஸ்பீக்கரு வாணாமா?"

ஜவஹர் மறுபடி வாயைத் திறந்தார். அவர் கால் மறுபடி மிதிபட்டது.

"போட்டோ பேசப்போறதா?" என்றார் கஸ்தூரிரங்கன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜவஹர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நாம எழுதுன லிஸ்ட் எங்க சாமி?" கஸ்தூரிரங்கன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டிலும் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டால், 'நான்தான்' என்று கடையில் சொன்னதையும் சொல்ல வேண்டிவரும். ஹம்சாவும் கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

நாலாம் நாள் மத்தியானம் குல்ஷன் ஆட்டோவில் எல்லாவற்றையும் கொண்டுவந்து ஸ்டூடியோவில் பொருத்தினார். பதினேழு இஞ்சு மானிட்டர் பெரிய தவலை மாதிரி மேஜையை அடைத்துக்கொண்டது. ஜவஹர் கடையை விட்டுவிட்டு வந்து நின்றார். கடைசியாக ஆட்டோவிலிருந்து ஒரு சக்கர நாற்காலி இறங்கியது. உட்கார்ந்தபடியே ஏற்றி இறக்குகிற தினுசு.

"இது எதுக்கு?"

"லிஸ்ட்டுல கடசி ஐட்டம் சார். 'நாற்காலி, நன்றாகத் தாழ இறங்குவதாக' அப்டின்னு கீது. ஆறடி ஆளு நீங்க, உங்களுக்கு இன்னாத்துக்கு இம்மாம் கீழ எறங்கணும்னு நானே யோசிச்சேன்."

வாசலில் ஈரக் குடையை மடக்கிக்கொண்டு ஹம்சா நின்றிருந்தாள். உயரம் ஐந்தடிக்கு இரண்டங்குலம் குறைவு.

"நீ என்ன இந்த நேரத்துல? லீவா?"

"ஆபீஸே இல்லைன்னா. மூடிட்டா."

"எப்போ?"

"நீங்க லிஸ்ட் எழுதின அன்னிக்கு."

"இத்தனை நாள் கார்த்தால கிளம்பிப் போனியே?"

"கம்ப்யூட்டர் எப்போ வரும்னு தெரியலையே. அது வரைக்கும் லைப்ரரில உக்காந்திருந்தேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சம்பளம் நின்னுடுத்துன்னு சொன்னா லிஸ்டையே கிழிச்சுப் போட்டிருப்பேள்."

ஜவஹர் மழையைப் பார்க்க ஆரம்பித்தார். ஸ்டூடியோவில் விளக்கு மங்கி மறுபடி எரிந்தது.

"சார், நீங்க ஒக்காந்து ஒரு போட்டோ பண்ணி பாருங்க" என்றார் குல்ஷன். "எல்லாம் கரெக்டா கீதான்னு பாத்துகினு நான் கெளம்பறேன்."

கஸ்தூரிரங்கன் நாற்காலியில் உட்கார்ந்தார். மவுஸைப் பிடித்தார். அம்புக்குறி ஓடிப்போய்த் திரையின் ஒரு மூலையில் ஒளிந்துகொண்டது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். மவுஸ்தான் மேஜையின் ஓரத்துக்கு வந்தது. அம்பு வரவில்லை. ஹம்சா குடையின் ஈரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மவுஸை விட்டுவிட்டு நாற்காலிக்கு அடியில் கையை விட்டார். கம்பியைத் தேடிப் பிடித்து அழுத்தினார். நாற்காலி பெருமூச்சு விட்டபடி அவரோடு சேர்ந்து கீழே இறங்கியது. முழங்கால் முகவாய்க்கு வந்ததும், எழுந்து, அதை ஹம்சா பக்கம் திருப்பிவிட்டுத் தள்ளி நின்றார்.