தங்கையின் முகூர்த்தமும் சிவப்பில் நின்ற முள்ளும்

எனக்குப் பழைய காரை ஓட்டத் தெரியும். பழுது பார்க்கத் தெரியாது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு முப்பத்து நான்கு வயது ஆக வேண்டியிருந்தது. தங்கை கவிதாவின் கல்யாணமும் தேவைப்பட்டது.

கிள்ளானில் எங்கள் வீட்டு முன்னால் நிற்கும் அந்தக் காருக்கு என்னைவிட வயது அதிகம். கல்யாணப் பெண்ணை அதில்தான் அழைத்துப் போவேன் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். (எல்லாம் நாலு போட்டோ போடத்தான், வேற என்ன?) கவிதா கிராப் டாக்சி எடுத்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினாள். பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் முகூர்த்தம் பத்து மணியோடு முடிகிறது, அவளுக்கு வரப்போகும் மாமியாரோ நேரத்தில் கறார். "வேற ஒன்னும் வேணாம்ணே, நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டுரு, போதும்" என்றாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் எனக்கு மீட்டர் ஞாபகம் வந்தது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் பல மாதமாகப் படுத்தே கிடந்தது. எஞ்சினில் திருகியிருக்கும் கட்டைவிரல் அளவு சென்சர் செத்துவிட்டதுதான் காரணம். அந்தக் காருக்கு உரிய சென்சர் எங்கும் கிடைக்கவில்லை. உதிரிபாகக் கடை அங்கிள் தேடித் துழாவி வேறு காருடையது ஒன்றைக் கொடுத்தார். மரை பொருந்தும், ஆனால் உன் மீட்டரோடு ஒத்துப்போகுமா என்று தெரியாது, சுடுதண்ணீரில் வைத்துச் சோதித்துவிட்டு மாட்டு என்று இரண்டு தடவை சொன்னார். நான் நிறைய வீடியோ பார்த்தவன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். (அந்த முகத்தை இன்று கண்ணாடியில் பார்த்தால் நானே அறைவேன்.)

மாட்டினேன். மரை அழகாகப் பொருந்தியது. எஞ்சினைப் போட்டதும் முள் எழுந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டே நிமிடத்தில் அணைத்துவிட்டு, காருக்குப் பூ கட்டப் போய்விட்டேன்.

மறுநாள் எட்டு மணிக்குக் கிளம்பினோம். பின்னால் பட்டுச் சேலையில் கவிதா, பக்கத்தில் வரிசைத் தட்டுகளோடு அம்மா. ஃபெடரல் ஹைவேயில் ஷா ஆலம் தாண்டும்போது முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து, பெரிய மெக்கானிக் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றேன். புகை இல்லை, ஆவி இல்லை. ஆனால் முள் சிவப்பில் இருக்கிறதே. முள் பொய் சொல்லுமா?

தண்ணீர் கொண்டுவரவில்லை. வரிசைத் தட்டில் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க வைத்திருந்த பன்னீர் இரண்டு பாட்டில் இருந்தது. அம்மா தடுக்கத் தடுக்க இரண்டையும் ரேடியேட்டர் மேல் ஊற்றினேன். ஹைவே முழுக்க மணத்தது.

இருபது நிமிடம் காத்திருந்து சாவியைத் திருப்பினேன். மறுபடியும் சிவப்பு. இன்னொரு இருபது நிமிடம் காத்திருந்தோம். கவிதா வாட்சைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அழ ஆரம்பித்தாள். கண் மை கன்னத்தில் இறங்கியது. நான் தலையைப் பானட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

கார் இழுக்கும் லோரி ஒன்று தானாகவே வந்து நின்றது. அந்த அண்ணன் இறங்கி, எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை.

"போஸ், கை வைக்க முடியுது லா. இதுவா ஓவர்ஹீட்டு?"

சாவியைத் திருப்பச் சொன்னார். முள் ஏறியது. சென்சர் வயரை உருவினார். முள் சட்டென்று கீழே படுத்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். தண்ணீர் விளிம்பு வரை இருந்தது. பன்னீர் வாசனையை ஒரு தடவை மோந்து பார்த்தார். அதைப் பற்றி மட்டும் ஏதும் கேட்கவில்லை, நல்ல மனுஷன்.

"சென்சர் யாரு மாத்துனது?"

அம்மா என்னைப் பார்த்தார். கவிதாவும் பார்த்தாள்.

கார் நன்றாக இருக்கிறது, ஏறுங்கள், பறந்துவிடலாம் என்றேன். கவிதா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கார் நல்லா இருக்குன்னு நீ சொல்றியா, அவரு சொல்றாரா?"

"அவருதான்."

"அப்ப நான் அவரோடயே போறேன்."

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லோரியில் ஏறினாள். அம்மாவும் தட்டுகளோடு ஏறிக்கொண்டார். மஞ்சள் விளக்கு சுழல, பெண் அழைப்பு அப்படித்தான் நடந்தது. ஒரு குறையும் இல்லாத, பூ வைத்த காரை நான் தனியாகப் பின்னால் ஓட்டிக்கொண்டு போனேன். சிக்னலில் பக்கத்துக் கார்க்காரர் கை காட்டி வாழ்த்தினார். நான்தான் மாப்பிள்ளை என்று நினைத்திருப்பார்.

பத்து மணி அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது தாலி ஏறியதாம். நான் அப்போது பிரிக்பீல்ட்ஸில் பார்க்கிங் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே ஓடியபோது, அக்கினி முன்னால் கவிதாவின் கையில் பொரி போட்டுக்கொண்டிருந்தது சித்தப்பா மகன். பெண்ணின் அண்ணன் செய்ய வேண்டிய சடங்கு அது. ஆல்பத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் நான் இன்னும் வேகமாகப் புரட்டிவிடுவேன். வெட்கம் என்றால் என்ன என்று அன்று தெரிந்துகொண்டேன்.

போன மாதம் கவிதாவின் மகளுக்குக் காது குத்து. வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பிதழில் எனக்கு எட்டரை மணி, என் மனைவிக்கு ஒன்பதரை. தப்பு என்று நினைத்தேன். மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: இத்தனை வருடமாகக் குடும்ப விசேஷம் ஒவ்வொன்றுக்கும் எனக்கென்று தனி அழைப்பிதழ் தயாராகிறதாம். அதற்குப் பேரே 'அண்ணன் டைம்'.

கோபத்தில் போனை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். காது குத்தும்போது பிள்ளை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில். அங்கேயும் சித்தப்பா மகன் உட்கார்ந்துவிட்டால்?

எட்டரைக்கே போய்விட்டேன். மண்டபம் பூட்டியிருந்தது. படியில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதே காலுக்கு கவிதா குடும்பத்தோடு வந்து இறங்கினாள். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு மச்சானைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னாள்: "பாத்தீங்களா, ஒரு மணி நேரம் முன்னாடி போட்டா போதும்னு சொன்னேன்ல?"

மச்சான் என்னைப் பார்த்துத் தயங்கினார். "இல்லம்மா, பயமா இருந்துச்சு. நேத்து ராத்திரி நான் சித்தப்பா மகனுக்கும் போன் பண்ணி, ரெடியா வரச் சொல்லிட்டேன்."