கண்ணுபிடுங்கி நர்ஸம்மா

விழுப்புரத்தில் இருந்து திண்டிவனம் போன கரி பஸ்ஸில் அன்று இருந்தவர்கள்: டிரைவர். கண்டக்டர். மல்லாட்டை மூட்டையோடு ஒரு கடலை வியாபாரி. மாமியார் வீட்டுக்குப் போன ஒரு புது மாப்பிள்ளை. தாலுக்கா கச்சேரி டவாலிச் சேவகர். என் அம்மா. ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி பச்சையம்மா. நான். முன் சீட்டில், வெள்ளைப் புடவையில் ஒரு நர்ஸம்மா.

விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் எங்கள் எல்லோர் கண்ணையும் அவர் இழுத்துப் பார்த்துவிட்டார். இந்த ஜில்லாவில் அவர் இழுத்துப் பார்க்காத கண் சாமி சிலைகளின் கண் மட்டும்தான். கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுப்பார். உள்ளே சிவப்பாக இருந்தால் "போ" என்பார். வெளுத்திருந்தால் விடமாட்டார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. கண்ணுபிடுங்கி என்றால் திண்டிவனத்தில் எல்லோருக்கும் தெரியும்.

யுத்த காலம். பெட்ரோல் கிடையாது. விக்கிரவாண்டியில் கரி அடுப்பைக் கிளற பஸ் நின்றது. டிரைவர் இறங்கினார். நர்ஸம்மாவும் இறங்கினார்.

"இன்னாம்மா இது, வண்டி ஓட்டற கண்ணு!"

"அதான் பாக்கறேன். நீ மயங்கி உழுந்தா நாங்க எங்க போறது? ம்... செவப்புதான். கொஞ்சம் ஜாஸ்தியாவே செவப்பு. கள்ளா?"

டிரைவர் ஜல்தியாக ஏறி உட்கார்ந்துகொண்டார்.

என் அம்மாவுக்கு அன்று பெருமை தாங்கவில்லை. நான் ரயில் இஞ்சினுக்குக் கரி அள்ளுகிறவன். பச்சையம்மாவும் என்னைப் போல நல்ல கறுப்பு. மாசமானதில் இருந்து அவள் வெளுத்துக்கொண்டே வந்தாள். அதை அம்மா தெருவெல்லாம் சொன்னாள். பஸ்ஸிலும் சொன்னாள்.

"பாருங்க, எம் மருமவ எப்பிடி வெளுத்துக்கினு வர்றா! வவுத்துல இருக்கறது ராசாவாட்டம் செவத்த புள்ள."

நர்ஸம்மா பச்சையம்மாவின் இமையை இழுத்தார். முகம் மாறியது.

"வெளுக்கறதுக்கு இவ இன்னா வேட்டியா? ஒடம்புல ரத்தமே இல்லம்மா. சோகை. இப்பிடியே பிரசவம் ஆனா ரெண்டு உசுரும் தங்காது."

நான் பச்சையம்மாவை ஜன்னல் பக்கம் நகர்த்தி உட்கார வைத்தேன்.

பச்சையம்மாவின் தாய் வீடு திண்டிவனம். பஸ்ஸை விட்டு இறங்கியதும், அங்கேதான் போக வேண்டும், ஆஸ்பத்திரி கூடாது என்றாள் அம்மா. நர்ஸம்மா வாதாடவில்லை. எங்கள் தகரப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார். அம்மாவின் ஒரே நல்ல புடவை அதற்குள் இருந்தது. "ஐயோ, எம் பொட்டி!" என்று அம்மா பின்னால் ஓடினாள். நான் பச்சையம்மாவை மெல்ல நடத்திக்கொண்டு போனேன். பெட்டி போய் நின்ற இடம் பெண்கள் வார்டு.

உள்ளே மாட்டுச் சந்தை போலச் சத்தம். சோகை வந்தவர்கள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றி விழுவார்கள். படுத்தே இருக்க வேண்டும். எங்கள் பெண்களுக்குப் படுத்திருக்கத் தெரியாது. அதனால் நர்ஸம்மா ஒவ்வொருத்தி காலிலும் ஒரு மாட்டுமணி கட்டியிருந்தார். மணி அடித்தால் எங்கிருந்தாலும் ஓடி வருவார். "எந்த மாடுடி அது?"

காலையில் பாதி வெந்த ஆட்டு ஈரல். மத்தியானம் முருங்கைக்கீரை, கேப்பைக் கூழ்.

"வெள்ளிக்கெழம நாங்க கவுச்சி தொட மாட்டோங்க" என்றாள் அம்மா.

"நீ தொடாத. அவ தின்னட்டும்."

இரும்பு மிக்சர் மருந்து பல்லைக் கறுப்பாக்கும் என்று பப்பாளி இலைத் தண்டால் உறிஞ்சச் சொல்வார். பல் தப்பியது. ஆனால் மருந்தால் மலம் கறுத்தது. அம்மா அதைச் செய்வினை என்று முடிவு கட்டினாள். பனமலைப் பக்கம் போய் ஒரு மந்திரவாதியை அழைத்து வந்தாள். அவர் வேப்பிலையை எடுப்பதற்குள் நர்ஸம்மா அவர் கண்ணை இழுத்துவிட்டார்.

"யோவ், நீயும் வெளுத்துப் போய்க்கெடக்கற. வவுத்துல பூச்சி. போய்ப் படு."

ஆண்கள் வார்டில் இருந்தும் ஒரு மணி கேட்க ஆரம்பித்தது.

இத்தனை செய்தும் பச்சையம்மா தேறவில்லை. வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். இமை அப்படியே வெளுப்பு. நர்ஸம்மாவும் என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் நான் போனபோது அவள் தண்ணீர்ப் பானை பக்கத்தில் மயங்கிக் கிடந்தாள். கையில் துடைப்பம். காலில் கட்டிய மணிக்குள் கந்தல் துணி அடைத்திருந்தது. தினமும் யாருக்கும் தெரியாமல் எழுந்து வார்டைப் பெருக்கியிருக்கிறாள்.

நர்ஸம்மாவும் நானும் தூக்கிக் கட்டிலில் போட்டோம். அவர் உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்த்தார். பச்சையம்மா கண் திறந்தாள். திட்டப் போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஏண்டி எந்திரிச்ச?"

"குப்பையா இருந்திச்சி நர்ஸம்மா. பாத்துக்கினு எப்பிடிப் படுத்திருக்கறது? பொறந்ததுல இருந்து நான் படுத்துத் தின்னதில்லீங்க."

நர்ஸம்மா எழுந்தார். புடவையை இடுப்பில் செருகினார். துடைப்பத்தை எடுத்தார்.

"எங்கன்னு சொல்லு. நான் கூட்டறேன். ஆனா படுத்துக்கினேதான் சொல்லணும்."

பச்சையம்மா யாரையும் வேலை ஏவினவள் இல்லை. களத்திலும் வீட்டிலும் எல்லோரும் அவளைத்தான் ஏவினார்கள். துடைப்பத்தையே பார்த்தாள். பிறகு ஒரு விரலை நீட்டினாள்.

"அந்தக் கட்டிலு அடியில."

நர்ஸம்மா குனிந்து கூட்டினார்.

"மூலையில ஒட்டடைங்க."

"சரிங்கம்மா. வேற?"

பச்சையம்மா சிரித்துவிட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றில் இருந்து தினமும் அப்படித்தான். அவள் ஏவினாள், அவர் கூட்டினார். அவள் எழுந்திருக்கவே இல்லை. இமைக்குள் மெல்ல மெல்லச் சிவப்பு ஏறியது.

வலி கண்ட அன்று வராந்தாவில் நின்றேன். உள்ளே சத்தம் அடங்கி வெகு நேரம் கழித்து நர்ஸம்மா வந்தார்.

"பொண்ணு. உன்ன மாதிரியே கரி."

"செவப்பா இல்லியா?" என்றாள் அம்மா.

"பச்சையம்மா?" என்றேன். அன்று முழுவதும் நான் பேசின ஒரே வார்த்தை.

நர்ஸம்மா என்னைப் பார்த்தார்.

"பசிக்குதாம்."

அவர் பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். எங்கே என்று தெரியாது. அவரிடம் நான் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை. சொல்ல வராது.

இப்போது எங்கள் வீட்டில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகச் சோற்றுக்கு உட்கார்ந்தால், பச்சையம்மாவையும் சேர்த்துப் பதினோரு பேர்.