மீட்டர்காரரும் மரியக்கா மெஸ் கரப்பான்களும்

தேனியிலிருந்து மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரைக்கும், கரப்பான்பூச்சியைக் கண்டதும் செருப்பைத் தேடாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் மீட்டர்காரர்தான். மணி பார்ப்பார், சட்டைப் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துச் சுவரோரம் பிடிப்பார், நோட்டில் எழுதுவார். அதற்குள் அந்தக் கரப்பான் கம்பம் ஊருக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

எழுபதுகளின் நடுவில் நான் தேனியில் ஒரு பஞ்சு ஆலையில் குமாஸ்தா. மரியக்கா மெஸ்ஸின் மாடியில் ஓர் அறை எனக்கு, பக்கத்து அறை அவருக்கு. மின்சார ஆபீசில் மீட்டர் கணக்கெடுக்கிற வேலை. அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

வீடு வீடாகப் போய் மீட்டர் பெட்டியைத் திறப்பது அவர் உத்தியோகம். பெட்டிக்குள் இருட்டு, கதகதப்பு, ஆள் தொந்தரவு கிடையாது. கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள கரப்பான்களில் பாதி அதற்குள்தான் குடும்பம் நடத்தின. மார்க்கையன்கோட்டையில் ஒரு விவசாயி இவர் கையில் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, யாரோ டாக்டர் வந்திருக்கிறார் என்று நாக்கை நீட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றாராம்.

"வாயை மூடுங்கய்யா! இம்புட்டு நேரம் இது கரப்பானோட பெட்டிக்குள்ள கெடந்துச்சு" என்றிருக்கிறார் இவர். அந்த மனுஷன் அன்றைக்கு மூன்று தடவை வாய் கொப்பளித்ததாகக் கேள்வி. இத்தனைக்கும் வாயில் எதுவும் படவில்லை.

அவர் மண்டையைக் குடைந்தது ஒரே விஷயம்தான். நம்ம ஊர்க் கரப்பானுக்கு மட்டும் ஏன் ஓய்வே இல்லை?

"குளிர் ஊர்ல அதுக்கு லீவு உண்டு சார். பனி விழுந்தா சுருண்டு படுத்துக்கிரும். இங்கன வருசம் பூராவும் டூட்டி. இந்த வெக்கைக்கு முட்டை சுருக்கா பொரிக்குது, குஞ்சு சுருக்கா வளருது. நீங்க ஒண்ணை அடிச்சிட்டு நிமிர்றதுக்குள்ள அங்கன ஒரு பட்டாளம் ரெடி. வெக்கை ஏறிப்போச்சுன்னா பறக்கவும் செய்யும்."

கரப்பானாவது பறப்பதாவது என்று நான் சிரித்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதை நிரூபிப்பதற்கு முன்னால் குளிரைப் பார்த்துவிடலாம் என்று, ஒரு கண்ணாடி பாட்டிலில் நான்கு கரப்பான்களைப் போட்டுக்கொண்டு போடிமெட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். துணைக்கு என்னையும் இழுத்துப் போனார். பக்கத்து சீட்டில் ஏலத்தோட்டத்து மலையாளி ஒருவர். பாட்டிலை உற்றுப் பார்த்து, "அய்யோ, பாற்ற!" என்று அலறி, ஓடுகிற பஸ்ஸில் டிரைவர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். மேலே மேகத்துக்குள் போய் இறங்கியபோது நாலும் சுரணையில்லாமல் கிடந்தன. தட்டினாலும் அசையவில்லை. திரும்பி வருகையில் போடி வந்ததோ இல்லையோ, பாட்டிலுக்குள் ஒரே ரகளை. "மேல சாமியாரு, கீழ ரவுடி" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

அதன் பிறகு அவர் அறை ஜன்னலில் ஏழு பாட்டில்கள். மூடியில் ஊசித் துளை, மேலே துணி, துணிமேல் நூல்கட்டு. மரியக்கா மாடிக்கு வந்தால் அந்த ஜன்னல் பக்கமே பார்க்க மாட்டார்.

இந்த நேரத்தில்தான் மெஸ்ஸில் ஓர் உரக்கடைக்காரரின் ரசத்தில் கரப்பான் மிதந்தது. அவர் முனிசிபாலிட்டிக்குப் புகார் எழுதிப் போட்டார். சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்தார்.

"பத்து நாள் டைம் தர்றேன். திரும்ப வர்றப்ப அடுப்படியில ஒண்ணு கண்ணுல பட்டாலும் பூட்டிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மரியக்காவின் வீட்டுக்காரர் காலமாகி ஆறு வருடம். இரண்டு பெண்பிள்ளைகள் கன்னியாஸ்திரிகள் நடத்தும் போர்டிங்கில் படித்தார்கள். அந்த அடுப்பு அணைந்தால் பிள்ளைகள் படிப்பும் அதோடு சரி. அக்கா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

மீட்டர்காரர் நேராக அடுப்படிக்குள் போனார். "அக்கா, பத்து நாளைக்கு இங்கன தண்ணி ஊத்திக் கழுவக் கூடாது."

மரியக்கா தினம் பத்து வாளி, சனிக்கிழமை இருபது வாளி ஊற்றிக் கழுவுகிறவர். "என்னண்ணே சொல்றீக! அடுப்படியைக் கழுவாம சோறாக்குனா நான் ஒரு பொம்பளையா?"

"நீங்க கழுவல, கரப்பானுக்கு நீர்மோர்ப் பந்தல் போடுறீக. சோறு இல்லாம அது மாசக்கணக்குல கெடக்கும். இந்த வெக்கைக்குத் தண்ணி இல்லாம தாங்காது."

அடுத்ததாக மாடிக்கு வந்து எங்கள் கேரம்போர்டு பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். "போரிக் பவுடர்தான சார் இது? கரப்பானுக்கு எமன்." கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டைகளாக அலமாரிக்குப் பின்னால் வைத்தார். சுவரோரமெல்லாம் பவுடரைத் தூவினார். கழுவிய தண்ணீர் வெளியேறும் தூம்பு வாயில் கம்பி வலையை அடித்து, "இதை மட்டும் யாரும் தொட்றாதீக" என்றார். தரையை ஈரத்துணியால் துடைக்க மட்டும்தான் அனுமதி. முக்காடு போடாமல் மாதா கோயிலுக்குள் வந்துவிட்டவர் மாதிரி அக்கா அந்தக் காய்ந்த தரையில் கூசிக்கூசி நடந்தார்.

எட்டாம் நாள் ஒரு கரப்பான்கூட இல்லை. நான் தேங்காய் மூடியை வைத்துச் சோதித்தேன், எறும்புதான் வந்தது.

பத்தாம் நாள் காலை. மரியக்கா பூசைக்குப் போயிருந்தார், மீட்டர்காரர் பக்கத்துத் தெருவில் கணக்கெடுக்கப் போயிருந்தார். மெஸ்ஸில் நான் மட்டும். அடுப்படியை எட்டிப் பார்த்தேன். சுவரோரம் பவுடர் திட்டுத்திட்டாக அசிங்கமாகக் கிடந்தது. இன்ஸ்பெக்டர் பார்த்தால் என்ன நினைப்பார்? நமக்குச் சோறு போடுகிற அக்காவுக்கு நாம் ஒரு உதவி செய்யலாமே என்று தோன்றியது. சனியன், தோன்றாமல் இருந்திருக்கலாம். ஓர் அண்டா தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். தண்ணீர் ஓடட்டும் என்று வலையைப் பிடுங்கினேன். ஊற்றினேன்.

முதலில் ஒரு மீசை தெரிந்தது. அப்புறம் தூம்புக்குள் இருந்த அத்தனையும் வெந்நீருக்குப் பயந்து மேலே வந்துவிட்டது. சுவரில், அடுப்பில், என் வேட்டியில். வாசலில் இன்ஸ்பெக்டர். ஒன்று கிளம்பி, நிஜமாகவே பறந்து, அவர் கையிலிருந்த ரிஜிஸ்டரில் போய் உட்கார்ந்தது.

அவருக்குப் பின்னால் பூசை முடிந்து வந்த மரியக்கா. "எம்புள்ளைக படிப்பு போச்சே" என்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது மீட்டர்காரர் உள்ளே நுழைந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கழன்று கிடந்த வலையைப் பார்த்தார். என் கையிலிருந்த அண்டாவைப் பார்த்தார்.

"சார், இது மெஸ் கரப்பான் இல்ல. எல்லாம் என்னோடது."

"உன்னோடதுன்னா?"

"வளக்கிறேன் சார். மாடியில. இன்னைக்கு மூடி தொறந்துக்கிருச்சு."

இன்ஸ்பெக்டர் மாடியேறி ஏழு பாட்டிலையும் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் உத்தரவு வந்தது: பாட்டில்களை ஒழிக்க வேண்டும், இந்த ஆள் இன்றைக்கே காலி செய்ய வேண்டும், மெஸ் நடக்கலாம். ஏழு பாட்டிலிலும் மீட்டர்காரரே மண்ணெண்ணெய் ஊற்றினார். ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் பெட்டியோடு லோயர் கேம்புக்குக் கிளம்பினார். அங்கே பவர் ஹவுசில் தெரிந்தவர் ஒருவருடைய குவார்ட்டர்ஸில் ஒண்டிக்கொள்ளலாமாம். பஸ் ஸ்டாண்டில் அழாத குறையாகச் சொன்னேன்: "சார், வெந்நீர் ஊத்துனது நான்தான்."

"தெரியும் சார்." நோட்டை எடுத்தார். "தண்ணி நல்லா கொதிச்சிருச்சா?"

"கொதிச்சிருச்சு."

எழுதிக்கொண்டார். "அம்புட்டும் மேல வந்துருச்சு, பாத்தீகளா? தூம்புக்குள்ள இத்தனை இருக்கும்னு நானே நெனைக்கல." அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். பஸ்ஸில் ஏறியவர், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மரியக்காகிட்டச் சொல்லிராதீக. உங்களுக்குத்தான் சங்கடம்" என்றார்.

மறுநாள் மத்தியானம் மரியக்கா பரிமாறிக்கொண்டே, "மூடியை ஒருநாள் தொறந்து போட்ட மனுசன் இல்ல. எனக்காகப் பொய் சொல்லிட்டாக" என்றார். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு உள்ளே போய் நாலடுக்கு டிபன் கேரியரைக் கொண்டுவந்து என் முன்னால் நங்கென்று வைத்தார்.

"இனி ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை, அவுகளுக்கு லோயர் கேம்புக்குச் சோறு கொண்டு போறது உங்க பொறுப்பு."

நான்கு வருடம் கொண்டு போனேன். எனக்கு அது தண்டனை என்று மரியக்கா நினைத்துக்கொண்டிருந்தார். வாரம் பூராவும் நான் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் காத்திருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவே இல்லை.