மெந்தேகாவுக்கு மாலை போட்டேன்

ஒரு குதிரைக்கு வாகன பூஜை செய்தவள் நான். ஆமாம், செய்தேன். அதற்காக இதுவரை எந்த மனிதரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை (குதிரையிடம் மட்டும் கேட்டேன்).

என் மகள் யாழினிக்கு அப்போது எட்டு வயது. ஓரிடத்தில் இரண்டு நிமிடம் உட்கார மாட்டாள். கவனக்குறைபாடு என்றார் டாக்டர். கொழுப்பு என்றார் என் நாத்தனார். எங்கள் ஊரான தம்போயில், வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் அவர் இருக்கிறார். அதனால் டாக்டரைவிட அவர் சொல்வதுதான் அடிக்கடி காதில் விழும்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் உதவும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டதும் நாத்தனார் பொங்கிவிட்டார்.

"அலமாக்! நாலு போடு போட்டா அடங்கப்போற பிள்ளை. அதுக்குக் குதிரை எதுக்கு லா?"

"என் பிள்ளை அடங்க வேணாம். குதிரை ஏறட்டும்," என்றேன். வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்த பிறகுதான் குதிரை எங்கே கிடைக்கும் என்று தேடினேன்.

கூலாய் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருந்தது அந்த லாயம். பயிற்சியாளர் ஸ்டெல்லா கறாரானவர். முதல் நாள் அவர் சொன்னபடி பிள்ளை நடந்தால்தான் சேர்த்துக்கொள்வார். இல்லையென்றால், காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்கு அந்த இடம் போய்விடும். நடன வகுப்பும் நீச்சல் வகுப்பும் ஏற்கெனவே 'அடுத்த வருசம் பாப்போம்' என்று யாழினியைத் திருப்பி அனுப்பியிருந்தன. இங்கேயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஆகவே சாமியைத் துணைக்கு அழைத்தேன். புதுக் கார் எடுத்தால் என்ன செய்கிறோம்? எலுமிச்சை, குங்குமம், மாலை. பிள்ளை ஏறப்போவதும் ஒரு வண்டிதானே! (அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.)

வேலிக்கு வெளியே எங்களை நிறுத்தி ஸ்டெல்லா விதிகளை விளக்கியபோது நான் கைப்பைக்குள் எலுமிச்சையைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் தலைக்கவசம் எடுக்க உள்ளே போனார். நான் குனிந்து வேலிக்குள் நுழைந்தேன்.

குதிரையைக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். வெண்ணெய் நிறம் என்பதால் மலாயில் மெந்தேகா என்றே பெயர். ஒவ்வொரு குளம்புக்கு முன்னாலும் ஓர் எலுமிச்சை வைத்தேன். நெற்றியில் குங்குமம் இட்டேன். தும்மியது. என் வெள்ளைப் பஞ்சாபி சூட் சிவந்துபோனது. விட்டேனா? மாலையைப் போட்டேன். அது காதைத் தாண்டி இறங்கவில்லை. மெந்தேகா தலையைச் சாய்த்து, மாலையைக் கவ்வி, சாமந்தியை நிதானமாக மென்றது.

மாலைக்குள் ஜரிகை நூல் இருப்பது அப்போதுதான் உறைத்தது. ஐயையோ, தொண்டையில் சிக்கினால்? இழுத்தேன். அதுவும் இழுத்தது.

"விடு! விடு லா!" என்று கத்தினேன்.

குதிரை மிரண்டு தலையை உதறியது. மாலை அறுந்து நான் பின்பக்கமாக விழுந்தேன். எதன்மேல் என்று சொல்ல மாட்டேன். சூடாக இருந்தது.

"அம்மா, கத்தாதீங்க!" வேலிக்கு வெளியிலிருந்து யாழினியின் குரல். "கத்துனா அது பயப்படும்னு கோச் சொன்னாங்கல்ல? அசையாம இருங்க. மூச்ச மெதுவா விடுங்க."

வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உள்ளே ஓடி வரவில்லை. "மெந்தேகா, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்று ஸ்டெல்லா வரும்வரை மெல்லப் பேசிக்கொண்டே இருந்தாள். குதிரை அடங்கியது. நானும்தான்.

ஸ்டெல்லா குதிரையின் வாயிலிருந்து நூலை உருவி எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அக்கா, நான் சொன்னதுல ஏதாவது உங்க காதுல விழுந்துச்சா?"

நான் எலுமிச்சைகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். அவர் யாழினியிடம் திரும்பினார். "நீ சொல்லு."

ஐந்து விதிகளையும் சொன்னாள். நடுவில் ஒரு மைனாவை வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னாள், ஆனால் சொன்னாள்.

"பிள்ளைக்கு இடம் உண்டு. அம்மா கார்லயே உக்காந்துக்குங்க."

காரில் உட்கார்ந்து, நாற்றத்தோடு, ஆசை தீர அழுதேன்.

இரண்டு வருடமாகப் போகிறாள். முழுசாக மாறிவிட்டாளா என்று கேட்கிறார்கள். இல்லை. இன்னும் வீடு முழுக்க ஓடுகிறாள். ஓடட்டும், யாருக்கு என்ன?

போன தீபாவளிக்கு நாத்தனார் ஊரையே கூட்டி வைத்துக்கொண்டு, என் குதிரைக் கதையைச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "ஏம்மா யாழினி, உங்க ரெண்டு பேர்ல யாருக்குக் கவனம் இல்லன்னு டாக்டர் சொன்னாரு?"

வீடே சிரித்தது. நான் பதிலடிக்கு வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"எனக்குத்தான் அத்தை. அம்மாவ நான் பாத்துக்குறேன்."

இப்போது நான் அடுப்பில் பாலை மறந்தாலும் சரி, சாவியைத் தொலைத்தாலும் சரி, "யாழினி, அம்மாவப் பாத்துக்கோ!" என்று யாராவது குரல் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். பார்த்துக்கொள்ள எனக்கு ஒருத்தி இருக்கிறாள். சிரிக்கிறவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?