அவசர வரிசையில் ரோமுலோ

"உங்க ஃபைல் வரிசையில இருக்கு சார்" என்றாள் விசா அலுவலகத்து மெரே, தொலைபேசியில்.

போன திங்கட்கிழமையும் இதைத்தான் சொன்னாள். அதற்கு முந்தைய திங்கட்கிழமையும் இதே வாக்கியம்தான், ஒரு எழுத்து மாறவில்லை. ரோமுலோ காபிலிங் பால் கறக்கும் கொட்டகையில் ரப்பர் பூட்ஸோடு நின்று, ஒரு காதில் மெரேயையும் மறு காதில் மாடுகளையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"வரிசையில இருக்கறது எனக்கும் தெரியும் மேடம். எந்த இடத்துலன்னுதான் கேக்கறேன்."

"நிரந்தர விசாவுக்கு ரெண்டு வரிசை இருக்கு. ஒண்ணு அவசரம், இன்னொண்ணு சாதா. நீங்க சாதா."

நானூறு மாடுகளைக் கட்டி மேய்க்கிறவனைப் பார்த்து நீ சாதா என்றால் வலிக்காதா? ரோமுலோவுக்கு வலித்தது.

ஆனால் அவனுக்கு அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. முதலாளி ஆலிஸ்டர் பண்ணையை விற்கப்போகிறார். கணக்கு, வங்கி, உள்ளாட்சிக் கவுன்சில் சோதனை என்று முப்பது வருஷமாக மாரடித்து அலுத்துப்போய், பக்கத்துப் பண்ணைக்காரரிடம் பேசி முடித்துவிட்டார். அவர்கள் இருந்த சவுத்லாந்து மாவட்டத்தில் ஜூன் முதல் தேதி என்றால் பால்பண்ணைக்காரர்கள் சட்டி பானையோடு இடம் மாறும் நாள். வாங்குகிறவருக்கு வாட்டசாட்டமாக மூன்று மகன்கள், வேற்று ஆள் வேண்டாம். வேலை போனால் விண்ணப்பமும் போச்சு. ரோமுலோவும் மனைவி நெனிதாவும், பள்ளியில் கடைசி வருஷம் படிக்கும் மகள் க்ளாரிஸும் மூட்டை கட்டிக்கொண்டு பிலிப்பீன்ஸுக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

ஆகவே ஜூன் பிறப்பதற்குள் விசா வந்தாக வேண்டும். அவசர வரிசைக்குள் எப்படி நுழைவது என்று மெரேயையே கேட்டான். டாக்டர், மாட்டு வைத்தியர் மாதிரி பதிவு பெற்ற தொழிலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாட்டில் நடுத்தரமாக ஒருவர் மணிக்கு வாங்குவதைப் போல இரண்டு மடங்கு வாங்க வேண்டும் என்றாள்.

"மாட்டு வைத்தியம் படிக்க எத்தனை வருஷம் ஆகும்?" என்று சாப்பாட்டு மேஜையில் கேட்டான்.

"உனக்கு மாடு புரியும், புஸ்தகம் புரியாது. போய்ச் சம்பளத்தைக் கேளு" என்றாள் நெனிதா.

கேட்டான். ஆலிஸ்டர் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை. "சரி" என்றார். சம்பளம் கூடியது, கூடவே சனி, ஞாயிறு வேலையும் கூடியது. நேர்மையான மனிதர், இரண்டையும் கடிதத்தில் எழுதிக் கொடுத்தார். விசா அலுவலகம் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தது. மணிக்குக் கிடைப்பது முன்னைவிடக் குறைந்திருந்தது. ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்டு உடனே கடிதம் வந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாயிற்று.

பூதத்தை அடக்க, தொகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போனான். அங்கிருந்த உதவியாளர் பொறுமையாகக் கேட்டு, சூடாக ஒரு கடிதம் அனுப்பி வைத்தார். ரோமுலோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுத்த திங்கட்கிழமை போன் செய்தான்.

"எம்.பி. கேள்வி கேட்டா, பதில் போடற வரைக்கும் ஃபைலை வரிசையில இருந்து வெளிய எடுத்து வெக்கணும் சார்" என்றாள் மெரே.

"பதில் எப்பப் போடுவீங்க?"

"அதுக்குத் தனியா ஒரு வரிசை இருக்கு."

வேறொருவனாக இருந்தால் அத்தோடு கும்பிடு போட்டிருப்பான். ரோமுலோ அப்படியல்ல. கன்று குறுக்கே மாட்டிக்கொண்டால், அது வெளியே வரும்வரை கையை எடுக்காத ரகம். நேராக ஆலிஸ்டரிடம் போனான். அவர் வேலிக் கம்பியை முடுக்கிக்கொண்டிருந்தார். மே மாதம் வரை மட்டும் மணிக்கு அந்த இரு மடங்குச் சம்பளம் தர முடியுமா, எந்த வேலை சொன்னாலும் செய்கிறேன் என்றான்.

ஆலிஸ்டர் ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குப் போகும் வரை யோசித்தார்.

"அவ்வளவு சம்பளம் வாங்கறவன் மாடு கறக்க மாட்டான். மேனேஜரா இருப்பான்."

அவர் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

"அப்ப மாடு யார் கறக்கறது பாஸ்?"

"நான்."

சொன்னதைச் செய்தார். சம்பளத்துக்காகத் தன் மீன்பிடிப் படகை விற்றார். அலுவலக அறைச் சாவியை ரோமுலோவிடம் கொடுத்துவிட்டு, பழைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் இறங்கிவிட்டார்.

ரோமுலோவுக்கு ஒரே வாரத்தில் கண்ணைக் கட்டியது. வங்கிக்காரர் வந்தார். உரக்காரர் வந்தார். சாணித் தண்ணீர் எங்கே போகிறது என்று கவுன்சில்காரர் வந்து கேட்டார். அதுவரை ரோமுலோவுக்கும் அது தெரியாது. கீழே கொட்டகையில் முதலாளி சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

"டீ குடிச்சிட்டு வரட்டா பாஸ்?" என்று வாசலில் வந்து நிற்பார்.

"என்னை பாஸ்னு கூப்பிடாதீங்க பாஸ்" என்று ரோமுலோ கெஞ்சுவான்.

ஒருநாள் ரக்பி ஆட்டம் பார்க்க சனிக்கிழமை லீவு கேட்டார். ரோமுலோ அட்டவணையைப் பார்த்தான். அன்று மாடுகளுக்குச் சினை பார்க்க ஆள் வருகிற நாள், வேறு கையும் இல்லை. முடியாது என்று சொல்லிவிட்டான். ஆலிஸ்டர் "சரி" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று முழுக்க ரோமுலோவுக்குச் சோறு இறங்கவில்லை.

முதலாளி சாணி வாருகிறார், வேலையாள் நிர்வாகம் செய்கிறார் என்று ஆலிஸ்டரே எழுதிய கடிதம் வந்தால் விசா அலுவலகம் சும்மா இருக்குமா? விசாரிக்க ஒல்லியாக ஓர் அதிகாரி வந்து சேர்ந்தார். கொட்டகையில் முழங்கை வரை சாணியோடு நின்ற கிழவரிடம், இங்கே பொறுப்பாளர் யார் என்று கேட்டார்.

"ஆபீஸ்ல இருக்கார். பாத்துப் பேசுங்க, கறாரானவர். போன வாரம் எனக்கு லீவு குடுக்கல" என்றார் ஆலிஸ்டர்.

அதிகாரி அலுவலக அறையை எட்டிப் பார்த்தார். ரோமுலோ வங்கியோடு போனில் மன்றாடிக்கொண்டிருந்தான். தலை கலைந்து, கண் சிவந்திருந்தது. மேஜையில் மூன்று கோப்பை காபி ஆறிக் கிடந்தது. அப்படியொரு முகம் உண்மையான மேனேஜருக்குத்தான் வாய்க்கும். அதிகாரி மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஃபைல் அவசர வரிசைக்கு மாறியது. நெனிதா பன்சித் நூடுல்ஸ் சமைத்தாள். ஆலிஸ்டரின் மனைவி ஹீதர் ஒரு தட்டு நிறையச் சீஸ் ரோல் கொடுத்தனுப்பினாள். மே மாதம் பாதி ஓடியிருந்தது. ரோமுலோ மிடுக்காக மெரேயை அழைத்தான்.

"இனிமே சீக்கிரம் வந்துடும், இல்ல மேடம்?"

மெரே கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

"எல்லாருமே எப்படியோ அவசர வரிசைக்கு மாறிட்டாங்க சார். இப்ப அதுதான் நீளம். ஆறு மாசமாவது ஆகும்."

"அப்ப சாதா வரிசை?"

"அது வெள்ளிக்கிழமையோட காலியாயிடுச்சு. அந்த மேஜைக்காரங்க ஃபைல் இல்லாம உக்காந்திருக்காங்க."

"நான் திரும்ப சாதாவுக்கே வந்துடறேனே."

"வரலாம். மனு போடணும். ஆனா நீங்க இருக்கறது அவசர வரிசை, அதனால மனுவும் அதுலதான் வரும்."

ரோமுலோ போனை வைத்துவிட்டு ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தான். தான் சும்மா இருந்திருந்தால் போன வாரமே விசா வந்திருக்கும் என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது. க்ளாரிஸிடம் இதை எந்த வாயால் சொல்வது? இரண்டு சொட்டு அழுதான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். இன்னும் ஒரு கதவு பாக்கி இருந்தது. விற்பனையை ஆறு மாதம் தள்ளிப் போடச் சொல்லி, காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது.

ஆலிஸ்டர் வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கதவைத் தட்டினான். ஹீதர்தான் திறந்தாள். அவர் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். வந்த வேகத்தில் ரோமுலோ எல்லாவற்றையும் அவளிடமே கொட்டித் தீர்த்தான்.

"எந்த விற்பனை?" என்றாள் ஹீதர். "நீங்க மேனேஜரான மறுவாரமே அதை வேணாம்னுட்டாரே. பேங்கும் கணக்கும் தலையில இல்லாம இப்பத்தான் நிம்மதியாத் தூங்கறேன்னார்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

ஹீதர் கொட்டகைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எப்படிச் சொல்வார் ரோமுலோ? ஜூன் வருதில்ல, அடுத்த வருஷமும் நீங்க அவரை வேலையில வெச்சுப்பீங்களோ மாட்டீங்களோன்னு உங்ககிட்ட கேக்கவே மனுஷன் பயந்துகிட்டிருக்கார்."